வெள்ளி அடுப்பில் ஆட்டுக்கொம்பு

ஆட்டுக்குட்டிகள் பொய் சொல்லாது என்று ஜிபெக் நம்பினாள். துப்பாக்கி பொய் சொல்லாது என்று அவள் அண்ணன் உலான் நம்பினான். அந்தக் குளிர்காலத்தின் சண்டை அங்கேதான் தொடங்கியது.

துப்பாக்கி என்றால் சுடுகிற துப்பாக்கி அன்று. சூடு பார்க்கிற துப்பாக்கி. விசையை அழுத்தினால் எதிரே ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த இடம் எவ்வளவு சூடு என்பதைத் தொடாமலேயே எண்ணாகக் காட்டிவிடும். நரின் நகரத்துச் சந்தையில் அதை வாங்கிய நாளிலிருந்து உலான் இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தான். குதிரையின் மூக்கு, நாயின் காது, ரொட்டி, அப்பாவின் வழுக்கைத் தலை என்று அவன் குறி பார்க்காத பொருளே வீட்டில் இல்லை. ஒருமுறை அப்பா ஷர்ஷென் தூங்கிக்கொண்டிருந்தபோது வழுக்கையில் சிவப்புப் புள்ளியைக் கண்ட பூனை பாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா தொப்பியைக் கழற்றுவதே இல்லை.

ஆனாலும் அந்தத் துப்பாக்கி நல்ல வேலை செய்தது. அது ஆடுகள் குட்டி ஈனும் காலம். வெளியே பனி முழங்கால் வரை கிடந்தது. பட்டியை ஒட்டிய சிறிய மண்சுவர் அறையில், தாயை இழந்த குட்டிகளையும் மெலிந்த குட்டிகளையும் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு துருப்பிடித்த இரும்பு அடுப்பு. அதன் பக்கவாட்டில் குறி பார்த்து நூற்றைம்பது டிகிரி காட்டினால் அறை இதமாக இருக்கும். குறைந்தால் ஒரு வாளி நிலக்கரி போடவேண்டும். கூடினால் அடுப்புக்குக் காற்றுப் போகும் வாயைச் சற்று மூடவேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணி சல்கினுடையது. ஜிபெக்கின் அம்மா, பிள்ளை பெற்றிருக்கும் மூத்த மகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார். ஆகவே வீடு, விருந்து, குட்டிகள் எல்லாம் முதன்முறையாக அண்ணி கைக்கு வந்திருந்தன.

அண்ணி இலையுதிர் காலத்தில்தான் மணமாகி வந்தவள். அவள் பிறந்த ஊர் தெற்கே, ஓஷ் நகரத்துப் பக்கம். அங்கே இந்நேரம் வாதுமை மரங்கள் பூத்திருக்கும். புகுந்த வீட்டாரை மருமகள்கள் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் அந்த மலைநாட்டில் இல்லை. ஆளுக்கொரு செல்லப்பெயர் வைத்துக்கொள்வார்கள். ஜிபெக்குக்கு அண்ணி வைத்த பெயர் ‘பளிச்சுக்கண்ணு’. தன் சொந்தப் பெயரைவிட அதுதான் ஜிபெக்குக்குப் பிடித்திருந்தது. ஆனால் பள்ளித் தோழிகளிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் அவர்களும் அப்படியே கூப்பிட்டுவிடுவார்களே!

வெள்ளிக்கிழமை அண்ணியின் அப்பா எர்கேஷ், மகள் வாழும் வீட்டை முதல்முறையாகப் பார்க்க வருவதாக இருந்தது. சேதி கேட்டதிலிருந்து அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பளங்களைப் பனியில் போட்டு அடித்தாள். ஜன்னல்களைத் துடைத்தாள். பிறகு, பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே வெள்ளி வண்ணம்.

விருந்தாளி வருகிறார் என்றால் அடுப்புக்கும் குழாய்க்கும் வெள்ளி வண்ணம் பூசுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அண்ணியின் அப்பாவோ அதில் கொஞ்சம் அதிகப்படி. அவர் கையில் தூரிகை இருந்தால் யாரும் பக்கத்தில் அசையாமல் நிற்கக் கூடாது, நின்றால் பூசிவிடுவார் என்று அண்ணியே சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணியும் ஜிபெக்கும் சேர்ந்து குட்டிகள் அறை அடுப்புக்கு வண்ணம் பூசினார்கள். துரு மறைந்து அடுப்பு புதுப் பாத்திரம்போலப் பளபளத்தது. நெடி போகும்வரை குட்டிகளைச் சமையலறையில் வைத்தார்கள். நெற்றியில் கறுப்பு வட்டம் உள்ள குட்டிக்கு ஜிபெக் ‘பொத்தான்’ என்று பெயர் வைத்திருந்தாள். அது அந்த இடைவெளியில் ஒரு துடைப்பத்தையும் உலானின் கையுறை ஒன்றையும் சுவை பார்த்து முடித்தது.

சிக்கல் அதன் பிறகுதான்.

அடுப்பை மூட்டி, வழக்கமான அளவு நிலக்கரி போட்டு, வழக்கமான நேரம் கழித்து உலான் குறி பார்த்தான். துப்பாக்கி எழுபது காட்டியது.

“நிலக்கரி போட்டியா, இல்ல போடணும்னு நெனச்சியா?” என்று மனைவியைக் கேட்டான்.

போட்டேன் என்றாள் அண்ணி. இன்னொரு வாளி போட்டார்கள். எண்பத்தைந்து. மறுநாளும் அதே கதை. வாளிமேல் வாளியாகக் கொட்டியும் எண் நூறைத் தொடவில்லை.

“சல்கின்னா குளிர்காத்துன்னு அர்த்தம். அடுப்பு உன் பேரைக் கேட்டுட்டுப் பயந்துபோச்சு போல” என்றான் உலான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அண்ணியும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதை ஜிபெக் பார்த்தாள்.

அதைவிட வேறொன்றையும் அவள் பார்த்தாள். முன்பெல்லாம் அடுப்பை ஒட்டிக் குவிந்து படுக்கும் குட்டிகள் இப்போது கதவோரம் போய்ப் படுத்தன. கதவிடுக்கில் காற்று ஊசிபோல நுழையும் இடம் அது. பொத்தான் அங்கே மூக்கை வைத்துக்கொண்டு வாய் பிளந்து மூச்சு வாங்கியது. புட்டியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“அண்ணா, உள்ள ரொம்ப சூடா இருக்கு. குட்டியெல்லாம் கதவுகிட்ட ஓடுது பாரு.”

“வெளிய பனியில நின்னுட்டு வந்தா எந்த அறையும் சூடாத்தான் இருக்கும். நீ கோட்டக்கூடக் கழட்டல.”

“குட்டிங்க கோட்டு போடலையே.”

“அதுங்களுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு அந்தப் பொத்தான் என் கையுறையத் தின்னுச்சு.”

துப்பாக்கி இருக்கும்போது குட்டிகளின் சாட்சி எடுபடவில்லை.

வியாழக்கிழமை காலை அப்பா வந்து பொத்தானைத் தூக்கிப் பார்த்தார். எடை குறைந்திருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. அவர் மருமகளைக் கடிந்து பேசவில்லை. அவர் யாரையும் கடிந்து பேசுகிறவர் அல்லர். தெற்கத்திப் பெண்ணுக்கு இந்தக் குளிரும் இந்த அடுப்பும் புதிதுதானே என்றார். நாளை முதல் பக்கத்துப் பட்டியின் ஜுமகுல் அக்காவை வரச்சொல்லிக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் செய்யலாம் என்றார். அண்ணி விருந்து வேலையைக் கவனித்தால் போதும்.

நாளை என்பது வெள்ளிக்கிழமை.

அண்ணி தலையை ஆட்டினாள். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெகுநேரம் பனியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மகள் வீட்டை முதல்முறை பார்க்க வருகிற அப்பா, அந்த வீட்டில் மகளின் வேலையை வேறொருவர் செய்வதைப் பார்க்கப்போகிறார். பொத்தானும் சரியாக வேண்டும்; அண்ணியும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது என்றுதான் ஜிபெக்குக்குத் தெரியவில்லை.

மதியம் சமையலறையில் அண்ணி போர்சோக் என்னும் எண்ணெய்ப் பலகாரம் பொரிப்பதற்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சாம்பலும் புளித்த மோரும் போட்டுத் தேய்த்த பித்தளைச் சமோவார் என்னும் வெந்நீர்க் கலம், மேசைமேல் சூரியனைப்போல மின்னியது. உள்ளே தண்ணீர் கொதித்து, மூடி கடகடவென்று ஆடியது. உலான் துப்பாக்கியை மேசையில் மறந்துவிட்டுப் போயிருந்தான்.

ஜிபெக் அதை எடுத்தாள். கிண்ணத்துத் தேநீரைக் குறி பார்த்தாள். எழுபது. சரிதான். மாவு, இருபது. அதுவும் சரி. பூனை எழுந்து ஓடிவிட்டது. அதற்குப் பழைய அனுபவம். கடைசியில் சமோவாரின் வயிற்றில் குறி பார்த்தாள்.

இருபத்தாறு.

“அண்ணி, சமோவார் கொதிக்குதா?”

“காது எங்க போச்சு உனக்கு? மூடி தாளம் போடுது.”

“இது இருபத்தாறுங்குது.”

அண்ணி திரும்பிப் பார்த்தாள். ஜிபெக் இன்னும் கிட்டே போனாள். பளபளத்த பித்தளைக்குள்ளிருந்து அகன்ற மூக்கும் பரந்த கன்னமுமாய் ஒரு ஜிபெக் அவளைப் பார்த்தாள். இவள் நாக்கை நீட்டினாள், அவளும் நீட்டினாள். சட்டென்று ஜிபெக்குக்கு ஒன்று தோன்றியது. வாசலுக்கு ஓடி ஒரு கிண்ணம் நிறையப் பனியை அள்ளி வந்தாள். அது பித்தளையில் தெரிகிற மாதிரி சமோவாருக்கு எதிரே பிடித்துக்கொண்டு மறுபடி விசையை அழுத்தினாள்.

எண் பதினாறுக்கு இறங்கியது. சமோவாரோ முன்போலவே கொதித்துக்கொண்டிருந்தது.

“அண்ணி, இது சமோவாரப் பாக்கவே இல்ல. சமோவாருக்குள்ள தெரியுறதத்தான் பாக்குது. கண்ணாடியில நாம கண்ணாடியையா பாக்குறோம்? மூஞ்சியத்தான பாக்குறோம்.”

“பனி உருகித் தரையெல்லாம் ஈரம். நகரு பளிச்சுக்கண்ணு” என்றபடி அண்ணி சமோவாரின் பிடியைப் பற்றிச் சற்றுத் தள்ளினாள். மாவு படிந்த கட்டைவிரல் வயிற்றில் உரசி, மெல்லிய வெள்ளைத் தீற்றல் ஒன்று ஒட்டிக்கொண்டது. ‘ஆ’வென்று விரலை உதறிக்கொண்டு, மறு கையால் துணியை எடுத்தாள்.

“துடைக்காதீங்க அண்ணி. கொஞ்சம் இருங்க.”

தீற்றல் நொடியில் காய்ந்தது. ஜிபெக் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோய் அந்த வெள்ளைமேல் குறி வைத்தாள். தொண்ணூறு. விரலளவு தள்ளி, பித்தளையில் குறி வைத்தாள். இருபத்தேழு. மறுபடி வெள்ளையில். தொண்ணூறு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பொருள் நினைவுக்கு வந்தது. அது இந்த அறையில் இல்லை.

அண்ணியின் முகம் வாடியது.

“வண்ணம் பூசினது நான்தான. துருவா இருந்தப்ப ஒழுங்காத்தான காட்டுச்சு” என்றாள் மெல்ல.

“துப்பாக்கிக்குக் கண்ணு கூசுது அண்ணி. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அடுப்பு அழகாத்தான் இருக்கு” என்றாள் ஜிபெக்.

குட்டிகள் அறைக்கு ஓடினார்கள். மாவை அந்த அடுப்பில் தடவினால் கருகிவிடும் என்றாள் அண்ணி. சுவர் மெழுகும் வெள்ளைக் களிமண் மூலையில் ஒரு வாளியில் இருந்தது. அண்ணி அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, நீளக் குச்சியின் முனையில் கந்தல் சுற்றி, அடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு மெல்லிசாகப் பூசினாள். ‘சுர்’ரென்று ஆவி எழுந்தது. களிமண் காய்ந்து சுண்ணாம்பைப்போல வெளுத்தது.

ஜிபெக் முதலில் வெள்ளி வண்ணத்தில் குறி பார்த்தாள். தொண்ணூற்றைந்து. பிறகு களிமண்ணில்.

இருநூற்று முப்பது.

“ஐயோ, வெந்துபோச்சே குட்டிங்க!” என்ற அண்ணி, கிடுக்கியால் காற்று வாயை முழுதாக மூடினாள். மேலே இருந்த சிறு ஜன்னலைத் திறந்தாள். ஜிபெக் அகன்ற சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு வந்து குடித்தன. பொத்தான் மட்டும் எழவில்லை. அதன் தலையை மடியில் வைத்து, விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உதட்டில் தடவினாள் ஜிபெக். நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சொரசொரப்பான சின்ன நாக்கு ஒன்று வெளியே வந்து அவள் விரலை நக்கியது. அண்ணி புட்டியை எடுத்துவர ஓடினாள்.

அரைப் புட்டிப் பால் இறங்கிய நேரத்தில் உலான் உள்ளே வந்தான். வந்ததும் வழக்கம்போல் துப்பாக்கியை வாங்கி அடுப்பைக் குறி பார்த்தான்.

“எண்பதா? தீயையே அணைச்சுட்டீங்களா ரெண்டு பேரும்?”

“அந்த வெள்ளைத் திட்டுல பாரு அண்ணா.”

பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெள்ளியில் பார்த்தான். மீண்டும் திட்டில் பார்த்தான். துப்பாக்கியைத் திருப்பி அதன் மூக்கைப் பார்த்தான். உயிர்த் தோழன் புறங்கூறியதைக் கேட்டவன்போல அவன் முகம் ஆகிவிட்டது. ஜிபெக் சமோவாரில் கண்டதையெல்லாம் சொன்னாள். துருவும் களிமண்ணும் தம் சூட்டைத் தாமே சொல்லும். பளபளப்பானது தன் சூட்டைக் கொஞ்சமாகச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பதைத்தான் காட்டும். உலான் துப்பாக்கியை இடுப்பில் செருகினான்.

“அப்ப மூணு நாளா நான்தான் குட்டிங்கள வாட்டியிருக்கேன்” என்றான். மனைவி பக்கம் திரும்பி, “உன்னையுந்தான்” என்றான்.

இம்முறை அண்ணியின் சிரிப்பு கண்வரை போனது.

உலானுக்கு எதையும் உடனே செய்து முடித்துவிட வேண்டும். கம்பித் தூரிகையை எடுத்துக்கொண்டு, அடுப்பு ஆறியதும் வண்ணத்தையெல்லாம் சுரண்டிவிடப் போவதாகச் சொன்னான். அண்ணி அடுப்பைப் பார்த்தாள். நாளை அவள் அப்பா வந்து முதலில் பார்க்க வேண்டும் என்று பூசிய வண்ணம் அது. ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஜிபெக்குக்கு வந்தது.

“எதுக்குச் சுரண்டணும்? ஒரு திட்டு போதும்ல.”

“பளபளன்னு இருக்கிற அடுப்புல நடுவுல ஒரு திட்டா? கிழிஞ்ச கால்சட்டையில ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு.”

“திட்டா இருந்தா ஒட்டு. கோலமா இருந்தா அலங்காரம். அண்ணி, உங்க கம்பளத்துல ஆட்டுக்கொம்பு போட்டிருக்கீங்களே, அத இதுல போடுங்க. நடுத்தண்டு மட்டும் அகலமா இருக்கட்டும். அங்கதான் குறி பாக்கணும்.”

அண்ணி சீதனமாகக் கொண்டுவந்த கம்பளத்தில் சுருள் சுருளான ஆட்டுக்கொம்புக் கோலம் இருந்தது. அவளே வெட்டித் தைத்தது. அவள் சற்று நேரம் அடுப்பைப் பார்த்தாள். மனத்துக்குள் கோடு இழுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கந்தலை அவிழ்த்துவிட்டு, ஆட்டு ரோமத்தில் ஒரு சிறு தூரிகை கட்டினாள். உலான் களிமண் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுப்பின் சூடு தணிந்த பிறகு, வலப்புறம் ஒரு சுருள், இடப்புறம் ஒரு சுருள், நடுவில் அகன்ற தண்டு என்று வெள்ளிமேல் வெள்ளையாய்க் கொம்புகள் எழுந்தன.

சாயங்காலம் மந்தையோடு திரும்பிய அப்பாவிடம் நடந்தது அனைத்தையும் சொன்னார்கள். உலான் தன் தவற்றை மறைக்காமல் சொன்னான். அப்பா குந்தி உட்கார்ந்து கொம்பின் தண்டில் தானே குறி பார்த்தார். பொத்தானின் வயிற்றைத் தடவினார். அது அவருடைய கோட்டுப் பொத்தானைக் கடித்து இழுத்தது.

“ஜுமகுலுக்குச் சொல்லி அனுப்ப வேணாம்” என்றார். “எங்க வீட்டு அடுப்ப எங்க மருமகதான் பாத்துக்கணும்.”

அன்று அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமை எர்கேஷ் வந்து சேர்ந்தார். வாதுமைப் பருப்பும் வெள்ளை அரிசியும் கொண்டுவந்தார். மகளை நெற்றியில் முத்தமிட்டு, சமோவாரைப் பாராட்டி, போர்சோக்கைப் பாராட்டி, பிறகு குட்டிகள் அறைக்கு வந்தார். அடுப்பின் முன் குனிந்தார். வண்ணம் எங்கும் வழியாமல், ஒழுகாமல் இருக்கிறதா என்று ஓரங்களை எட்டிப் பார்த்தார். அவருக்குத் திருப்தி.

ஜிபெக் துப்பாக்கியை நீட்டினாள். பெரியவர் ஆசையாக வாங்கி, அடுப்பின் வெள்ளிப் பக்கத்தில் குறி பார்த்தார். அறுபத்தைந்து. அவர் புருவம் உயர்ந்தது.

“ஏன் மாப்பிள்ள, இந்த ஊர்ல அடுப்புக்கு நிலக்கரி போடுற பழக்கம் உண்டா? இல்ல, அதையும் நான் தெக்கேருந்து கொண்டாந்திருக்கணுமா?”

உலானின் காது சிவந்தது. அண்ணி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“கொம்பு நடுவுல பாருங்க, மாமா” என்றாள் ஜிபெக்.

நூற்றைம்பது. எர்கேஷ் மறுபடி வெள்ளியில் பார்த்தார், மறுபடி கொம்பில். யாருடைய யோசனை என்று கேட்டார். அண்ணி பளிச்சுக்கண்ணைக் காட்டினாள். ஜிபெக் அண்ணியின் கட்டைவிரலைக் காட்டினாள். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

பிறகு நினைவு வந்தவர்போலத் தம் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். மருமகனுக்கென்று தனியாக ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார். ஒரு டப்பா. புத்தம் புதிய வெள்ளி வண்ணம்.

எல்லோர் பார்வையும் அடுப்புக்குப் போனது. உலான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“கதவுக்கு அடிக்கிறேன் மாமா” என்றான் பணிவாக. “கதவுக்கு யாரும் சூடு பாக்க மாட்டாங்க.”

எல்லோரும் சிரித்த சத்தத்தில் கதவோரம் நின்ற குட்டி ஒன்று திடுக்கிட்டுத் துள்ளியது. பொத்தான் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. வயிறு புடைக்கப் பால் குடித்திருந்த அது, தூக்கத்திலேயே அடுப்பை நோக்கி இன்னும் ஒரு சாண் நகர்ந்து, ஆட்டுக்கொம்பின் அடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.